கமா இல்லாத கல்வெட்டு

திருவண்ணாமலைக்குப் போனா ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்ப்போம் (217 அடியாச்சே!), அண்ணாமலையாரைக் கும்பிடுவோம், வந்துடுவோம். சுவர்ல இருக்கிற கல்வெட்டை யாரும் கண்டுக்கறதில்லை. சோழர் காலத்துல ஆரம்பிச்சு விஜயநகர காலம் வரைக்கும் ஏகப்பட்டது இருக்கு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் 8-ஆம் தொகுதியில (1937) நிறைய அச்சாகியிருக்கு.

அடுத்த தடவை போனா உத்துப் பாருங்க. ஒரு கமா இருக்காது. அட, மெய்யெழுத்துக்கு வைக்கிற புள்ளியே பல கல்வெட்டுல கிடையாது! ஆனா கல்வெட்டுன்னாலே பட்டியல்தானே? நிலம், பொன், ஆடு, விளக்கு, நெய்... எது எங்கே முடியுதுன்னு எப்படிப் புரிஞ்சுது?

எல்லாம் 'உம்' பார்த்த வேலை. கோயிலுக்கு நிலம் விட்டா நான்கு எல்லை சொல்லணும். கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கும், தென்பாற்கெல்லை இன்ன வழிக்கு வடக்கும்... இப்படி ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு 'உம்'. நான்கும் முடிஞ்சதும் 'ஆக' என்று ஆரம்பிச்சு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட நிலம் என்று கட்டி முடிச்சிடுவாங்க. இந்த 'ஆக' வந்தா கணக்கு முடிஞ்சதுன்னு அர்த்தம். தொல்காப்பியர் 'உம்'முக்கு எட்டுப் பொருள் சொல்றார், அதுல எண்ணுவதும் ஒண்ணு. புலவருக்கு அது இலக்கணம். கல்வெட்டு எழுதினவருக்கோ நாளைக்கு வரப்போற வரப்புத் தகராறு!

இன்னொரு தந்திரமும் உண்டு. விஜயநகர காலத்து தானசாசனங்கள்ல நில உரிமையை நிதி நிக்ஷேபம் ஜலம் பாஷாணம் அக்ஷிணி ஆகாமி சித்தம் சாத்தியம்னு மூச்சுவிடாம அடுக்கி, 'அஷ்டபோகம்'னு முடிப்பாங்க. எட்டுன்னு சொல்லியாச்சு இல்லையா, எண்ணிப் பார்த்துக்க வேண்டியதுதான். யாரும் நடுவுல ஒண்ணைச் சொருகவோ உருவவோ முடியாது.

கமா நமக்கு அச்சோட வந்த விருந்தாளி. 19-ஆம் நூற்றாண்டுல தமிழ் உரைநடையில நிறுத்தக்குறிகளைப் பழக்கினவர்கள்ல முக்கியமானவர் யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர் (1822-1879). பேர் மட்டும் ரொம்ப அழகா அமைஞ்சுடுச்சு. கால், அரை, முக்கால், முற்று என்று நிறுத்தும் நேரத்தையே அளந்து வச்ச மாதிரி. இங்கிலீஷ்ல இந்த ஒழுங்கு கிடையாது.

அங்கே கமா இல்லைன்னா என்ன ஆகும்னு அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல ஒரு பால் கம்பெனி கத்துக்கிச்சு. ஓவர்டைம் கிடையாதுன்னு சட்டம் சொன்ன வேலைகளோட பட்டியல்ல, கடைசி 'அல்லது'க்கு முன்னாடி அப்போ கமா இல்லை. அதனால விநியோகம் ஒரு தனி வேலையா, இல்லை 'அனுப்பவோ விநியோகிக்கவோ பேக் செய்வது' என்று எல்லாம் ஒரே வேலையான்னு சந்தேகம். லாரி டிரைவர்கள் வழக்குப் போட்டாங்க. 2017-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அவங்க பக்கம் சொல்லுச்சு. 2018-ல 50 லட்சம் டாலருக்கு சமரசம்!

தமிழ்ல அந்தச் சட்டத்தை எழுதியிருந்தா 'பேக் செய்வதும் விநியோகிப்பதும்' அல்லது 'அனுப்பவோ விநியோகிக்கவோ பேக் செய்வதும்' என்று ரெண்டுல ஒண்ணைச் சொல்லியே ஆகணும். நழுவ வழியே இல்லை. இப்பல்லாம் நாம 'அரிசியும், பருப்பும், எண்ணெயும்'னு உம்மையும் போட்டு கமாவும் போடறோம். எனக்கு அது ஒரே கதவுக்கு ரெண்டு பூட்டு மாதிரிதான் படுது. நீளமான பட்டியல்னா சரி, கண்ணுக்கு உதவும். மூணு சாமானுக்கு எதுக்குங்க?