மஞ்சள் மண் – 7: மலையிலிருந்து இறங்கிய ஆடுகள்

கடலைத் தொடாமல் நின்றுபோன மஞ்சள் ஆற்றோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1997-இல் அதன் கடைமடையில் 226 நாள் நீரோட்டம் இல்லை. மறு ஆண்டு தெற்கே யாங்சி கரைபுரண்டு ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. இரண்டுக்கும் காரணம் தேடிய பெய்ஜிங்கின் கண்ணில் பட்டவை, ஆறுகளின் தலைமாட்டில் மொட்டையாகக் கிடந்த மலைச்சரிவுகள்.

1999 ஆகஸ்ட். பிரதமர் ஜூ ரோங்ஜி யெனானுக்கு வந்தார். மாவோவின் படை தலைமையிடமாகக் கொண்டிருந்த ஊர் அது. முற்றுகையால் உணவுத் தட்டுப்பாடு வந்த 1941-இல், 359-ஆவது படைப்பிரிவு பக்கத்து நான்னிவானில் தரிசைத் திருத்திப் பயிர் செய்தது. மண்வெட்டி பிடித்த அந்தப் படையை நாடே போற்றியது. அதே வட்டாரத்தில் நின்றுகொண்டுதான் பிரதமர் சொன்னார்: சரிவில் உழுவதை விடுங்கள், காட்டையும் புல்லையும் வளருங்கள், தானியத்தை அரசு தரும்.

25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்துக்கே முன்னுரிமை. ஒரு மூ நிலத்துக்கு ஆண்டுக்கு 100 கிலோ தானியம், 20 யுவான் ரொக்கம். (ஆறு மூ சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர்.) காட்டு மரம் வைத்தால் 8 ஆண்டு, பழமரத்துக்கு 5, புல்லுக்கு 2. வறண்ட சரிவில் தினை விதைத்து வானம் பார்த்திருந்த குடும்பத்துக்கு இது நல்ல பேரம். மண் குடைந்த குகை வீடுகளில் தானிய மூட்டைகள் நிறைந்தன.

ஆனால் ஆடு?

யெனானைச் சேர்ந்த ஊச்சி வட்டம் 1998-லேயே மலையை மூடி, மேய்ச்சலைத் தடை செய்திருந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நாட்டு ஆடுகள் விற்கப்பட்டன. அவசரத்துக்கு ஓர் ஆட்டை விற்றுப் பள்ளிக் கட்டணமோ மருந்துச் செலவோ பார்த்த குடும்பங்கள் அவை. கொட்டிலில் கட்டி வளர்க்கலாம் என்றார்கள் அதிகாரிகள். தீவனத்தை யார் அறுத்துச் சுமப்பது? இளையவர்கள் நகரத்துக் கட்டட வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். தடை வந்த ஊர்களில் ஆட்டை இரவில் மலைக்கு ஓட்டிப் போனவர்கள் உண்டு, பிடிபட்டால் அபராதம். அவர்களைச் சூழலின் எதிரிகள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நாடு முழுமைக்கும் சேர வேண்டிய நன்மைக்கு, நாட்டிலேயே மிக ஏழைகளிடம் முன்பணம் வாங்கப்பட்டது என்பதே என் எண்ணம்.

மலை பச்சையானது. 2004-இல் தானியத்துக்குப் பதில் பணம் வந்தது, கிலோவுக்கு 1.40 யுவான் என்று. பிறகு சந்தையில் தானிய விலை ஏறியது, அந்த 1.40 ஏறவில்லை.

2007 பிறந்தது. முதலில் கையெழுத்திட்டவர்களுக்கு எட்டாண்டுக் கெடு முடியப்போகிறது. நட்ட மரத்தை இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. பழைய கலப்பைகளோ இன்னும் வீட்டில் இருக்கின்றன. ஆகஸ்டில் பெய்ஜிங்கிலிருந்து அறிவிப்பு வந்தது: உதவி இன்னொரு சுற்று நீடிக்கும். ஊர்கள் மூச்சுவிட்டன, தொகை எவ்வளவு என்று தெரியும் வரை.

(தொடரும்)