கம்பியில் குத்திய கடிதங்கள்

1879 ஜூலை 1இல் கால் அணா அஞ்சலட்டை இந்தியாவுக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை வீல் அண்ட் க்ளைன் ஸ்டுடியோ போன்றவற்றின் பட அட்டைகள் கடல் கடந்தன. நம்மவர் முகங்கள் உண்டு, பெயர் இல்லை. பலவற்றில் சாதியும் தொழிலுமே அடிக்குறிப்பு. சீமையில் அவை ஆல்பங்களில் பத்திரமாயின. 2018இல் லண்டனில் கண்காட்சியாகவும் வைக்கப்பட்டன.

செட்டிகுளம் மாதிரி ஊர்களுக்கு வந்த கார்டுகளின் கதை வேறு. கம்பியில் குத்தித் தொங்கவிட்டார்கள். சாவுச் சேதின்னா படித்ததும் கிழித்துப்போட்டார்கள், வீட்டில் வைக்கக்கூடாது.

ஆக, பிறர் நம்மைப் பார்த்தது ஆவணமாச்சு. நாம் நமக்குள் பேசிக்கொண்டது மக்கிப்போச்சு. சேகரிப்பு வெறும் பொழுதுபோக்கா? ஆல்பம் யார் கையில் இருந்தது என்பதும் வரலாறுதான். உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் கம்பி இன்னும் கிடந்தால், இறக்கிப் படியுங்கள்.