பொன்னுத்தம்பிப் பிள்ளையின் சப்பாத்து

பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலத்தை வாக்களித்து முடிவு செய்யக் கீழூரில் கூடிய 178 பேரை இந்த வாரம் சந்திப்பதாகப் பேச்சு. வில்லியனூரைத் தாண்டி அந்த ஊருக்குள் நுழைவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கிறது. இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்ற அத்தனை பெரிய முடிவுக்கு, ஊர் ஜனங்களை வரிசையில் நிறுத்தாமல், பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களையும் நகரசபை உறுப்பினர்களையும் மட்டும் கூட்டினால் போதும் என்று பாரிஸும் தில்லியும் எப்படிச் சம்மதித்தன? மக்களின் இசைவு இல்லாமல் எந்த நிலத்தையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று 1946-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசியல் சட்டமே சொல்கிறது. அப்படியிருந்தும் பொது வாக்கெடுப்பைக் கைவிட்டார்கள். காரணம், புதுச்சேரித் தேர்தல் என்றால் என்ன என்பது இரண்டு தலைநகரங்களுக்கும் நன்றாகத் தெரியும். 1951-இல் வந்து பார்த்த நடுநிலைப் பார்வையாளர் குழுவே, சுதந்திரமான வாக்கெடுப்புக்குரிய சூழல் இங்கே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.

புதுச்சேரித் தேர்தலுக்கு அந்தக் கெட்ட பெயர் ஒரே நாளில் வந்ததில்லை. எண்பது ஆண்டுச் சம்பாத்தியம் அது. அதன் தொடக்கத்தில் ஒரு ஜோடி சப்பாத்து இருக்கிறது.

1873, ஜனவரி. பொன்னுத்தம்பிப் பிள்ளை புதுச்சேரியில் தொழில் செய்துவந்த உள்நாட்டு வக்கீல். அந்தக் காலத்து வழக்கப்படி இந்திய வக்கீல் பிரெஞ்சு நீதிபதியின் முன்னால் வெறுங்காலோடு வரலாம், நம் ஊர்ச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரலாம். ஐரோப்பியச் சப்பாத்து மட்டும் ஆகாது. பொன்னுத்தம்பி அன்றைக்குக் காலுறை மாட்டி, சப்பாத்துப் போட்டு, நடுக்கூடத்தில் வந்து நின்றார். கட்சிக்காரருக்காக வாய் திறப்பதற்கு முன்பே நீதிபதியின் பார்வை காலுக்குப் போய்விட்டது. கழற்றச் சொன்னார்கள். அவர் கழற்றவில்லை. மன்றத்தை அவமதித்ததாகத் தீர்ப்பு அவர் மேல் பாய்ந்தது.

இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அவருடைய துணிச்சலைக் காட்டிலும் அவருடைய சட்ட அறிவு. எதிர்த் தரப்பு கையில் வைத்திருந்த ஆயுதம் 1819 ஜனவரி 6-ஆம் தேதி ஆணை. பிரெஞ்சுச் சட்டங்கள் இங்கே செல்லும், ஆனால் இந்தியர்களுக்கு அவரவர் சாதியின் சட்டமும் வழக்கமும்தான் என்று உறுதி கொடுத்த ஆணை அது. நம் வழக்கத்தைக் காக்க வந்த உறுதிமொழி என்று ஊர்ப் பெரியவர்கள் அதைக் கொண்டாடினார்கள். அந்த வழக்கம் என்ற கயிற்றை வைத்தே காலைக் கட்டவும் முடியும் என்பதைப் பொன்னுத்தம்பி கண்டுகொண்டார். பெரியவர்கள் முன் காலணியைக் கழற்றுவது உங்கள் மரபுதானே, அதைத்தானே மதிக்கச் சொல்கிறோம் என்று வெள்ளைக்காரர்கள் கேட்டபோது, என் மரபு எது என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம் என்பதுதான் அவருடைய வழக்கின் சாரம்.

உள்ளூரில் தோற்றார். அத்தோடு விட்டிருந்தால் வரலாறு அவரை மறந்திருக்கும். வழக்கைப் பாரிஸுக்கு, பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு மன்றத்துக்கு எடுத்துப் போனார். கப்பலில் தபால் போய்வரவே மாதக் கணக்காகும் காலம். அங்கே அவருக்காக வாதாடிய வக்கீலின் பெயர் ஜூல் கோதேன். புதுச்சேரித் தீர்ப்பை அந்த மன்றம் ரத்து செய்தது. சப்பாத்தும் காலுறையும் போட்டுக்கொண்டு வருவது நீதிமன்றத்துக்கு அவமரியாதை ஆகாது என்றாகிவிட்டது.

இந்தச் செய்தி புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தபோது வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழர் தெருக்களில், எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கறுப்பன் காலில் எது கிடக்கலாம் என்ற வழக்கு, ஏழு கடல் தாண்டிப் போய் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறது.

இங்கேதான் சட்டமன்றக் கதை தொடங்குகிறது. 1848 புரட்சியில் கிடைத்து உடனே பறிபோன உரிமை, 1871-இல் திரும்பி வந்திருந்தது. பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் பிரெஞ்சிந்தியா ஓர் உறுப்பினரை அனுப்பலாம். வாக்குரிமை ஆண்களுக்கு மட்டும்தான். ஆனால் முத்தியால்பேட்டை நெசவாளிக்கும் பாகூர் குடியானவனுக்கும் அது உண்டு. பக்கத்தில், கோட்டக்குப்பம் எல்லையைத் தாண்டினால், ஆங்கிலேய இந்தியாவில் எந்த ராஜாவுக்கும் ஜமீன்தாருக்கும் லண்டன் நாடாளுமன்றத்தில் இப்படி ஓர் இடம் கிடையாது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தெபசேன் த ரிஷ்மோன் என்ற பிரபு. அடுத்த தேர்தல் 1876-இல் வந்தது. அதில் புதுச்சேரி யாரைத் தேர்ந்தெடுத்தது தெரியுமா? சப்பாத்து வழக்கில் வாதாடிய அதே ஜூல் கோதேனை.

பாரிஸ் சபையின் தேர்தல் வரலாற்றில் எத்தனையோ வெற்றிகள் உண்டு. ஒரு வக்கீலின் காலணிக்காக வாதாடியவரைக் கடல் கடந்த ஒரு சிற்றூர் தன் உறுப்பினராக்கி நன்றி சொன்னதற்கு நிகராக எனக்கு வேறொன்று தெரியவில்லை. கோதேன் பிற்பாடு பிரெஞ்சிந்தியாவின் செனட்டராகி, 1898-இல் சில வாரங்கள் பிரான்ஸின் பொதுப்பணித் துறை அமைச்சராகவும் இருந்தார். பொன்னுத்தம்பி அங்கே நிற்கவில்லை. சாதி வழக்கம் என்ற ஏற்பாட்டிலிருந்தே வெளியேற வழி கேட்டார். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை அந்த வழியைத் திறந்தது. தன் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறப்பதாகப் பதிவாளர் முன் கையெழுத்திட்டு, ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டால், திருமணம், வாரிசு எல்லாவற்றிலும் பிரெஞ்சு உரிமையியல் சட்டம்தான் செல்லும். பொன்னுத்தம்பிப் பிள்ளை பொன்னுத்தம்பி லபோர்த் ஆனார். ரெனோன்சான் என்று இன்றும் புதுச்சேரியில் சொல்லப்படும் குடும்பங்களின் வரலாறு அந்தக் கையெழுத்திலிருந்து வருகிறது. சைகோனுக்குக் கப்பலேறி உத்தியோகம் பார்த்தவர்களில் இவர்கள் கணிசம்.

துறந்துவிட்டு வந்தவர்களை எங்கே உட்காரவைப்பது? தங்களுக்கென்று தனி வாக்காளர் பட்டியல் வைத்திருந்த ஐரோப்பியர்களுக்கு இவர்களைப் பக்கத்தில் சேர்க்க மனம் ஒப்பவில்லை. சாதியை விட்டுப் போனவர்கள் நமக்கு எதற்கு என்றார்கள் வைதிகர்கள். 1884-இல் அரசு கண்டுபிடித்த தீர்வு மூன்று பட்டியல்: ஐரோப்பியர் ஒன்று, துறந்தவர் ஒன்று, துறக்காத இந்தியர் ஒன்று. சில நூறு ஐரோப்பியர்களும் பல்லாயிரம் இந்தியர்களும் உள்ளூர் சபைகளுக்குச் சம எண்ணிக்கையில் ஆளனுப்பும் விசித்திரம் இது. சமத்துவம் என்ற சொல்லைக் கட்டடத்து நெற்றியில் பொறித்த குடியரசு, தன் வாக்குச்சாவடிக்குள் மூன்று வாசல் வைத்தது. இதை நான் மன்னிக்கத் தயாராயில்லை. 1899-இல் மூன்றை இரண்டாக்கினார்கள். துறந்தவர்களில் மிகச் சிலர் தவிர மற்றவர்களைத் திரும்பவும் இந்தியர் பட்டியலிலேயே தள்ளினார்கள். காலணி போட்டு நடந்து போனவனைப் பாதி வழியில் திருப்பி அனுப்பியதுபோல ஆயிற்று.

இந்த ஏற்பாட்டில் கொழித்தவர் சண்முக வேலாயுத முதலியார். வைதிகக் கட்சியின் தலைவர், பொன்னுத்தம்பியின் பரம எதிரி. இருபது ஆண்டுக்கு மேல் புதுச்சேரியை ஆண்டது கவர்னரா முதலியாரா என்று கேட்டால், முதலியார் என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்கு இருந்த கூர்மையை மறுக்க முடியாது. உள்ளூர் சபைகளுக்குத்தான் பட்டியல் பிரிவு. பாரிஸ் உறுப்பினருக்கான தேர்தலில் எல்லாப் பட்டியல் வாக்கும் ஒரே மொத்தமாக எண்ணப்படும். அங்கே கிராமத்து வாக்குகளைக் கையில் வைத்திருப்பவர் கைகாட்டும் ஆள்தான் ஜெயிப்பார். பாரிஸில் பதவி தேடும் வெள்ளைக்காரர்கள் முதலியாரின் தயவுக்குக் காத்திருந்தார்கள். பாரிஸிலிருந்து வந்த சம வாக்குரிமையை வைத்தே பாரிஸின் சம உரிமைச் சட்டங்களைத் தடுத்து நிறுத்தியவர் அவர். அவரை இந்து தர்மத்தின் காவலர் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவரை அப்படிப் பார்க்கவில்லை. கிராமத்துக்காரன் வாக்கு அவனுக்கே சொந்தம் என்ற எண்ணம் தலையெடுக்கவிடாமல் செய்தவர் அவர். சாராயமும் தடியும் தேர்தல் சாமான்களானது அந்தப் பருவத்தில்தான்.

அது எங்கே போய் முடிந்தது என்பதற்கு 1914 தேர்தல் சாட்சி. பாரதியார் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் குடியிருந்த காலம். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த போல் ப்ளுய்சேனை எதிர்த்து, போல் ரிஷார் என்ற பிரெஞ்சுக்காரர் நின்றார். 1910 தேர்தல் சமயத்தில் வந்து அரவிந்தரைச் சந்தித்துப் போனவர். இந்த முறை மனைவி மிராவோடு, அதாவது பிற்காலத்து அன்னையோடு, மார்ச் 29-ஆம் தேதி வந்திறங்கினார். வாக்கு எண்ணிக்கை எப்படி நடந்தது என்று அரவிந்தர் சந்திரநாகூர் நண்பர் மோதிலால் ராய்க்கு எழுதிய கடிதம் இருக்கிறது. சீட்டில் போல் ரிஷார் என்று அச்சிட்டிருந்தாலும் போல் ப்ளுய்சேன் என்று படித்தார்களாம். அவ்வளவு எளிய வேலை. காரைக்காலில் ரிஷாரே தன் ஆட்களைச் சாவடிக்கு அழைத்துப் போய் வாக்களிக்க வைத்த இடத்திலும் அவருக்கு வந்தது சுழி. வில்லியனூரில் வாக்களிக்கவே விடவில்லை. ரிஷார் தோற்றார்.

அதே வில்லியனூர்ப் பக்கம்தான் கீழூர்.

இதற்கு நடுவே பாரிஸுக்குப் போனவர்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கோதேனுக்குப் பின் 1881 முதல் 1898 வரை பியேர்-அலிப், பிறகு ஆன்ரிக்-துய்லுய்க், லெமேர், ப்ளுய்சேன். இவர்களில் ஒருவர்கூடத் தமிழர் அல்லர். 1945-இல் பட்டியல் பிரிவு ஒழிந்து பெண்களுக்கும் வாக்கு வந்தபோது தெய்வ ஜீவரத்தினமும், 1946-இல் லம்பேர் சரவணனும் அந்த இருக்கையில் அமர்ந்தார்கள். அதே 1946-இல் 44 உறுப்பினர் கொண்ட பிரதிநிதித்துவ சபை பிறந்தது: புதுச்சேரிக்கு 22, காரைக்காலுக்கு 12, சந்திரநாகூருக்கு 5, மாஹேவுக்கு 3, ஏனாமுக்கு 2. சந்திரநாகூர் சீக்கிரமே பிரிந்துபோனது. 1951-இல் பாரிஸ் போனவர் எதுவார் குபேர். பிரெஞ்சுக்காரர்களின் ஆள் என்று ஊரே நம்பிய அவர், 1954 மார்ச்சில் கட்சி மாறி நெட்டப்பாக்கத்தில் போய் உட்கார்ந்த கதை தனி அத்தியாயம். அவர் பெயரில் கடற்கரைச் சாலையும் பெரிய மார்க்கெட்டும் இருக்கின்றன.

பொன்னுத்தம்பிக்கு? லபோர்த் வீதி என்று ஒரு வீதி இருக்கிறது. அதில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த லபோர்த் ஒரு தமிழ் வக்கீல் என்று தெரியும்? பாரதி பூங்காவுக்கு எதிரே இருக்கும் நம் சட்டப்பேரவையில் 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு அமர்கிறார்கள். அந்த மண்டபத்தில் இவருடைய படம் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. 1963 ஜூலை முதல் தேதி உருவான பேரவைக்கு முன்னோடிகளைத் தேடினால், விடுதலைப் போராட்டத்துக்கும் முன்னால் போய் அந்தச் சப்பாத்து வழக்கில்தான் நிற்க வேண்டியிருக்கும். தன் உடம்பின் மேல் தனக்கே உரிமை என்று கேட்டவனுக்குத்தான் தன் வாக்கு தனக்கே என்று கேட்கவும் தோன்றும்.

1962 ஆகஸ்ட் 16 சட்டபூர்வ இணைப்புக்குப் பின், விருப்பமுள்ளோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்படித் தக்கவைத்த குடும்பங்கள் இன்றும் இங்கே வாக்களித்துப் பாரிஸ் சபைக்கு உறுப்பினரை அனுப்புகின்றன. 2012 முதல் வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர்களின் 11-ஆவது தொகுதியில் புதுச்சேரியும் அடக்கம். ஆசியாவையும் தாண்டி ஓஷியானியா வரை பரந்த தொகுதி அது. வேட்பாளர்கள் புதுச்சேரிக்கு வந்து ஓட்டுக் கேட்கிறார்கள்.

ஆக, கீழூர். சேர்வதற்கு 170, எதிராக 8. அந்த 170 பேரை எல்லாப் புத்தகமும் சொல்லிவிட்டது. அடுத்த வாரம் அந்த எட்டுப் பேரிலிருந்து தொடங்குவோம்.