காசும் கேஷும்

மதுரை மாசி வீதிகளில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கல்லாவில் அமர்ந்திருப்பவர் இன்று கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘கேஷா, ஜிபேயா?’ உடனே நம்மில் ஒருவர், ‘கேஷ் என்பதே நம் காசுதானே!’ என்று பெருமிதம் கொள்வதும் வழக்கம். நாமும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பியிருந்தோம். நண்பர்களிடம் அடித்துச் சொல்லியும் இருக்கிறோம். அகராதிகளை முறையாகப் புரட்டியபோதுதான் சற்றே வெட்கப்பட நேர்ந்தது.

ஆங்கிலத்தில் கேஷ் என்று இருப்பது ஒரு சொல்லன்று, இரண்டு. கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் கேஷ், பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் பணப்பெட்டியைக் குறித்த சொற்களின் வழியே வந்தது. மூலம், இலத்தீனத்தின் ‘காப்ஸா’. பெட்டி என்று பொருள். பெட்டியின் பெயர் அதனுள் இருக்கும் பணத்துக்கு ஆகிவந்தது. ஆகுபெயர் நமக்குப் புதிதா என்ன? ஆனால் இந்தச் சொல்லில் தமிழுக்குப் பங்கில்லை.

மற்றொரு கேஷ் நம்முடையது. தமிழ்க் காசு, போர்த்துக்கீசியர் நாவில் ‘கைஷா’வாகத் திரிந்து, கீழைநாட்டுச் சிறுநாணயத்தின் பெயராக ஆங்கிலத்துக்குப் போயிற்று. போர்த்துக்கீசியத்தில் பெட்டிக்கும் அதே பெயர். குழப்பத்துக்கு வேறென்ன வேண்டும்! சீனரின் துளையிட்ட செப்புநாணயத்தையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே எழுதினர்.

கும்பினியாரின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை இந்த வாய்பாடே நிலவியது. 1803, 1808ஆம் ஆண்டுக் காசுகள் இங்கிலாந்தில், பர்மிங்காமை அடுத்த சோகோ நாணயச்சாலையில் அச்சாகிக் கப்பலேறின. அவற்றைச் சுமந்து புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பாலுள்ள மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் அள்ளிவந்த நாணயங்களில் ‘கேஷ்’ என்ற நம் சொல் ஆங்கில எழுத்தில் அழியாமல் இருந்தது.

காசின் மூலத்தைத் தேடினால் சங்கப் பாடல்களுக்குப் போகவேண்டும். அங்கே காசு பெரும்பாலும் நாணயமன்று. அணியில் கோக்கும் பொன்மணி. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார், வேப்பம்பழத்தைக் கவ்விய கிளியின் அலகைக் காட்டி, புதுநூல் கோக்கக் காசினைப் பற்றிய கூரிய நகத்தை நினைவூட்டுகிறார். வடமொழியில் ‘கர்ஷம்’ என்னும் எடைப்பெயரே காசாயிற்று என்பாரும் உளர். இந்த மணிப்பொருளை எண்ணும்போது அதனை ஏற்க நாம் தயங்குகிறோம். காசுக்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு. ‘காசறு’ என்றால் குற்றமற்ற. யாப்பிலக்கணத்தாரோ நாள், மலர், காசு, பிறப்பு என்று வெண்பாவின் ஈற்றுச்சீருக்கே அதை வாய்பாடாக்கிவிட்டனர்.

நாணயங்களும் பாண்டிநாட்டுக்குப் பஞ்சமில்லை. ‘பெருவழுதி’ என்று தமிழி எழுத்தில் பொறித்த சங்ககாலச் செப்புக்காசை இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் அடையாளங்கண்டு வெளியிட்டார். பிற்காலப் பாண்டியர் காசுகளில் ‘சோணாடு கொண்டான்’ என்ற எழுத்தைக் காணலாம். சோழநாட்டை வென்ற செய்தியைச் சந்தைதோறும் கொண்டுசெல்ல இதைவிட மலிவான வழி ஏது?

இனி, ஒருபொருட் பன்மொழி. பணத்தை ஆங்கிலேயர் ‘ஃபனம்’ என்றனர். துட்டு, டச்சுக்காரரின் ‘டொய்ட்’ என்னும் செப்புநாணயம் விட்டுச்சென்றது. ரொக்கம் கணக்குப்பிள்ளைகளின் சொல். சில்லறை எல்லோருக்கும் உரியது.

எஞ்சியது சல்லி. ‘சல்லிக்காசு பெறாது’ என்று இகழ்ச்சியாகச் சொல்லும் அச்சிறுநாணயத்தைத் துணியில் முடிந்து காளையின் கொம்பில் கட்டுவார்கள். அடக்கியவனுக்கு அது சொந்தம். சல்லிக்கட்டு அப்படித்தான் ஜல்லிக்கட்டாயிற்று. 2014இல் உச்சநீதிமன்றம் தடைவிதித்தபின், 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் மதுரைத் தெருக்களிலும் இரவுபகலாக அமர்ந்து போராடியவர்களின் முழக்கத்திலெல்லாம் அந்தச் செப்புத்துட்டின் பெயர் இருந்தது. அலங்காநல்லூரில் இப்போது காரே பரிசாகக் கிடைக்கிறது.