படலங்களும் பார்வையும்: புத்தளக் கரையோர வரலாற்றிற் செய்மதிப் படங்களின் இடம்

புத்தளக் கரையோரத்தின் கடந்த அரை நூற்றாண்டு வரலாற்றை ஆராய்வோருக்கு எழுத்துச் சான்றுகளோடு செய்மதிப் படங்களும் இன்று கிடைக்கின்றன. சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், புத்தளம் வழியாகக் கற்பிட்டி வரை நீளும் இக்கரையிற் கண்டற்காடுகள் அழிந்ததையும் இறாற் பண்ணைகள் பரவியதையும் நிறுவ அவை எடுத்தாளப்படுகின்றன. எனினும், அவற்றை ஒளிப்படங்களெனக் கொள்வது பொருந்தாது. அவை கணினி வன்பொருள் பல படலங்களை அடுக்கியும் கலந்தும் திரையில் ஆக்கும் கூட்டுப்படங்களாகும். அவ்வாக்கமுறையை அறிந்த பின்னரே அவற்றைச் சான்றாகக் கொள்ளல் வேண்டும் என்பது நமது கருத்து.

1972 இல் ஏவப்பட்ட முதலாவது லான்ட்சற் செய்மதி ஒரே நிலப்பரப்பைப் பச்சை, சிவப்பு ஆகிய ஒளிகளிலும் கண்ணுக்குப் புலனாகாத இரு செந்நிறக்கீழ்ப் பட்டைகளிலும் தனித்தனியே பதிவுசெய்தது. இவற்றைத் திரையிற் கூட்டும்போது செந்நிறக்கீழ்ப் பதிவுக்குச் சிவப்பும், சிவப்புப் பதிவுக்குப் பச்சையும், பச்சைப் பதிவுக்கு நீலமும் வழங்குவது வழக்கமாயிற்று. எனவே செழித்த கண்டல் செந்நிறமாகவும், செந்நிறக்கீழ்க் கதிரை உறிஞ்சும் நீர் கருமையாகவும் தோன்றும்.

இவ்வாறு படமாக்குதற்கு அடிப்படையானது சட்டக நினைவகமாகும். 1973 இல் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ரிச்சட் சூப் அமைத்த சுப்பர்பெயின்ற் இதன் முன்னோடிகளுள் ஒன்று. ஒரே நினைவகத்தில் ஒரு படத்தின்மீது மற்றொன்றை எழுதினால் முன்னையது அழிந்துவிடும். இக்குறையை நீக்கப் படலந்தோறும் தனி நினைவகம் வைத்து, திரைக்கு அனுப்பும் கணத்தில் மட்டும் கலக்கும் முறை கையாளப்பட்டது. மேற்படலத்தை நீக்கின் கீழ்ப்படலம் பழுதின்றி வெளிப்படும். 1977 இல் நியூயோர்க் தொழினுட்பக் கழகத்தில் எட்வின் கட்மலும் அல்வி ரே சிமித்தும், ஒவ்வொரு படப்புள்ளியும் எவ்வளவு மறைக்கிறது என்பதைக் காட்டும் அல்பா எண்ணைப் படத்துடன் இணைத்தனர். 1984 இல் தோமஸ் போட்டரும் தொம் டஃபும் இக்கலவைகளுக்கு முறையான கணிதம் வகுத்தனர்.

அக்கணிதம் எளியது. மேற்புள்ளியின் ஒளி 200, கீழ்ப்புள்ளியினது 100, அல்பா 0.6 எனின், விளைவு 120 உடன் 40 கூடி 160 ஆகும். ஆனால் 160 என்ற விடையிலிருந்து மூல எண்களை மீட்க இயலாது. வேறு பல இணைகளும் அதே விடையைத் தரும். மேலும், எது மேல், எது கீழ் என்ற வரிசை மாறின் படமும் மாறும்.

இனிப் புத்தளக் கரையை நோக்குவோம். 1980களில் இங்கு இறால் வளர்ப்பு விரிவடைந்தது. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவிப் பண்ணைகள் பல கைவிடப்பட்டன. வெவ்வேறு ஆண்டுப் படலங்களை அடுக்கும்போது செந்நிறம் நின்ற இடத்திற் கரிய செவ்வகங்கள் தோன்றுகின்றன. ஆயினும், இறாற் குளமோ நீர் தேங்கிய உப்பளப் பாத்தியோ என்பதை அக்கருமை கூறாது. அதனைக் கூறவல்லவர் கரையிலே தொழில் செய்வோரே.

இதனினும் பாரதூரமான மறைப்பொன்று உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பாலானோர் இம்மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். அக்கால லான்ட்சற் படங்களில் மிக நுண்ணியவற்றிற்கூட ஒரு படப்புள்ளி 30 மீற்றர்ச் சதுரமாகும். ஒரு கிடுகுக் குடிசை அதனிலும் மிகச் சிறியது; அயலிலுள்ள தென்னையோடும் மணலோடும் கலந்து ஒரே எண்ணாகிவிடும். இக்கலவை செய்மதியிலேயே நிகழ்ந்துவிடுவதால் எந்த வன்பொருளும் அதனைப் பிரித்துத் தராது.

திரையில் இல்லாதவர் நிலத்திலும் இல்லை என்று கருதித் திட்டம் தீட்டப்படுமாயின் நட்டமடைவோர் வறியோரே. ஆகவே, மீனவர், உப்பளத் தொழிலாளர், இடம்பெயர்ந்தோர் ஆகியோரின் வாய்மொழிச் சான்றுகளையும் தனித்தனிப் படலங்களாகப் பேணுதல் வேண்டும். அவற்றை ஒப்பிட்ட பின்னரே முடிபு கூறுதல் தகும். ஒரே சட்டகத்தில் எழுதி அழித்துவிட்ட வரலாற்றைப் பின்னர் மீட்டல் அரிது.