கொல்லிமலையில் வீட்டு வரி

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை ஒன்றியத்தில் உள்ள 14 கிராம ஊராட்சிகள் கட்டடங்கள் மீது விதிக்கும் வரி இது. மலைமேல் நகராட்சியோ பேரூராட்சியோ கிடையாது. எனவே இங்கே சொத்து வரி என்றால் வீட்டு வரிதான். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என ஊராட்சிப் பெயர்கள் ‘நாடு’ என்றே முடிகின்றன. மலையாளிப் பழங்குடிகளின் பழைய பிரிவுகளே இன்று வரி வட்டங்களாகவும் இருக்கின்றன.

சோழர் கல்வெட்டுகளில் ‘மனையிறை’ உண்டு. அதை இன்றைய வரியின் மூதாதை என்பது மிகை. 1792இல் சேலம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது கேப்டன் ரீடும் அவருடைய உதவியாளர் மன்றோவும் அளந்தது நிலத்தை. வீடு அவர்கள் கணக்கில் பெரிதாக இல்லை. மதராஸ் மாகாணத்தின் 1871ஆம் ஆண்டு உள்ளூர் நிதிச் சட்டம் கிராமங்களில் வீட்டு வரிக்கு வழி திறந்தது. எதிர்ப்பு வலுக்கவே, சில ஆண்டுகளில் அந்த வரியைக் கைவிட்டார்கள். 1884ஆம் ஆண்டுச் சட்டம் கிராமத் தொகுப்புகளான ‘யூனியன்’களை அமைத்து, வீட்டு வரியை அவற்றின் முக்கிய வருவாயாக்கியது. 1920, 1950, 1958ஆம் ஆண்டுச் சட்டங்களைக் கடந்து, இன்று நடப்பிலிருப்பது 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம்.

மதிப்பீட்டில் சந்தை விலையைவிடக் கூரைக்கே மதிப்பு: கூரை வீடா, ஓட்டு வீடா, தளம் போட்டதா என்று பார்த்து, பரப்பையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். வரி அரையாண்டுக்கு உரியது, கட்டவேண்டியவர் உரிமையாளர். ஊராட்சிச் செயலர் வாங்கி ரசீது தருவார். இப்போது இணையவழியிலும் கட்டலாம். மதிப்பீடு அதிகம் என்று நினைப்பவர் முதலில் செயல் அதிகாரியான ஊராட்சித் தலைவரிடமே மனுக் கொடுக்க வேண்டும். விதித்தவரிடமே முறையிடும் இந்த ஏற்பாடு சின்ன ஊரில் சங்கடமானது. பாக்கி விழுந்தால் ஊராட்சிக்கு நட்டம்.

ஆனால் மலையில் வரியைத் தட்டிக்கழிப்பதைவிட, தம் பெயரில் வரி போடச் சொல்லிக் கேட்பதற்கே காரணம் அதிகம். மின் இணைப்புக்கு ரசீது கேட்பார்கள். அது பட்டா ஆகாது. உரிமைக்கு அத்தாட்சியும் அல்ல. இருந்தும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் அமைந்த 2008ஆம் ஆண்டு விதிகள், வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டையோடு வீட்டு வரி ரசீதையும் சான்றாகப் பட்டியலிடுகின்றன. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தில் குடியிருந்ததாகக் காட்டவேண்டிய பழங்குடிக் குடும்பத்துக்குப் பழைய ரசீது ஒரு ஆவணம்.