பட்டா நிலத்துப் பனையும் ஆட்சியர் அனுமதியும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி நோக்கிச் செல்பவர் இரண்டு மரங்களை அதிகம் காண்பார். ஒன்று, தரிசெங்கும் தானே பரவிய சீமைக்கருவேலம். மற்றொன்று, வரப்புகளில் முன்னோர் விட்டுச்சென்ற பனை. ஒரே பட்டாவில் நின்றாலும் இவ்விரண்டையும் வெட்டுவதற்கான விதிகள் வேறு.

தமிழ்நாட்டில் தனியார் நில மரங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரே சட்டம் இல்லை. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், அறிவிக்கை செய்யப்பட்ட மலைப் பகுதிகளுக்கே பொருந்தும். சந்தனம் சொந்த நிலத்தில் வளர்ந்தாலும் வனத்துறையின் வழியாகவே வெட்டி விற்க வேண்டும். சீமைக்கருவேலத்தையோ, அகற்றுமாறு அரசே ஊக்குவிக்கிறது. அயல் தாவரங்களை நீக்குவதற்கான மாநிலக் கொள்கை 2022-இல் வெளியானது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 ஆகஸ்ட்டில், முதலாவது வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

இந்தக் கட்டுப்பாட்டை நான் வரவேற்கிறேன். பனை காய்ப்புக்கு வரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். செங்கல் சூளையில் எரிந்து தீர ஒரு நாள் போதும். ஆனால், பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி எழுகிறது. பனையின் வேர் கரையைக் காப்பதால் பயன்பெறுவது ஊர். ஏறுவதற்கு ஆளில்லாமல் பதநீரும் நுங்கும் வருமானம் தராதபோது, மரம் அடைக்கும் இடத்தின் இழப்பைச் சுமப்பவர் உழவர். பயன் பலருக்கும் செலவு ஒருவருக்கும் ஆகும்போது, தடை மட்டும் நியாயமாகாது.

மானாவாரி உழவருக்கு மரம் ஒரு சேமிப்பு. மழை பொய்த்த ஆண்டில் இவ்வட்டாரக் குடும்பங்களுக்குக் கைகொடுப்பது, பலரும் பழிக்கும் சீமைக்கருவேலத்தின் கரிமூட்டமே. காரணம், தேவைப்பட்ட அன்றே அதை வெட்டிக் காசாக்கலாம். எடுக்க முடியாத வைப்பில் எவரும் பணம் போடமாட்டார். வெட்ட முடியாத மரத்தை எவரும் நடமாட்டார். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூனில் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி விதிகள், வேளாண் நில மரங்களை இணையத்தில் பதிவுசெய்து எளிதாக அனுமதி பெற வழிசொல்வதும் இதனால்தான்.

எனவே மூன்று வேண்டும். விவசாயி நட்ட மரங்கள் கிராம அடங்கலில் தவறாமல் பதிவாக வேண்டும். அனுமதி விண்ணப்பத்துக்குக் குறித்த நாளுக்குள் முடிவு சொல்லப்பட வேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். பனையை வெட்டாமல் காப்பவருக்கு, நிற்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் சிறு ஊக்கத்தொகை வழங்க வேண்டும்.

பனை 1978 முதல் நம் மாநில மரம். அதைக் காக்கும் செலவையும் மாநிலமே பகிர்ந்துகொள்வதுதான் முறை.